தூரிகை பிடித்த கையில் விடுதிச் சாவி

கேள்வி: அமெரிக்காவில் ஓவியம் படித்த என் மகள், 'ஸ்டூடண்ட் அஃபேர்ஸ்' வேலைக்குப் போகிறேன் என்கிறாள். நாலு வருடப் படிப்பு வீண்தானா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: வீண் இல்லை அம்மா. அங்கே அவள் வண்ணம் குழைக்க மட்டுமா கற்றாள்? வரைந்ததைச் சுவரில் மாட்டிவிட்டு, வகுப்பே கூடி நின்று அலசுவதைப் பொறுமையாகக் கேட்டிருப்பாள். அடுத்தவர் முறை வந்தபோது, மனம் நோகாமல் குறையை எடுத்துச் சொல்லியிருப்பாள். விடுதியில் ஒரே அறையில் தங்கும் இருவர் சண்டை போட்டுக்கொண்டு நள்ளிரவில் கதவைத் தட்டும்போது அந்தப் பயிற்சிதான் கைகொடுக்கும்.

கேள்வி: 'ஸ்டூடண்ட் அஃபேர்ஸ்' என்றால் என்ன, வார்டன் வேலையா?
– வாசகர், மதுரை

பதில்: வார்டன் வேலை அதில் ஒரு பகுதி. நம்மூரில் பாடம் நடத்தும் பேராசிரியர் தலையிலேயே விடுதிப் பொறுப்பையும் கட்டிவிடுவோம். அமெரிக்காவில் அது தனித் தொழில். புதிய மாணவரை வரவேற்பது, மன்றங்களை நடத்துவது, ஒழுங்கு விசாரணை, வேலைவாய்ப்பு ஆலோசனை என்று வகுப்பறைக்கு வெளியே நடப்பதில் பெரும்பகுதி அவர்கள் பொறுப்பு. இந்தத் துறையின் பெரிய சங்கமான நாஸ்பா 1919-லேயே பிறந்துவிட்டது. மாணவரின் படிப்பை மட்டும் பார்க்காமல் முழு மனிதராகப் பாருங்கள் என்று 1937-ல் அமெரிக்கக் கல்விக் கவுன்சில் ஓர் அறிக்கையே வெளியிட்டது. நம் கல்லூரிகளும் அதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: கலையையும் மாணவர் பணியையும் சேர்த்துச் செய்து ஜெயித்தவர் உண்டா?
– வாசகி, கோவை

பதில்: போர்ட்டர் பட்ஸ். மேடிசன் நகரில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாணவர் மையமான மெமோரியல் யூனியன் 1928-ல் திறந்தபோது அதன் முதல் இயக்குநர். 1968 வரை அதே பொறுப்பில் இருந்தார். நடுவில், 1936-ல், விஸ்கான்சின் மாநிலத்தின் ஓவிய வரலாற்றைத் தனிப் புத்தகமாகவும் எழுதினார். சாப்பிடவும் அரட்டையடிக்கவும் வரும் மாணவரின் கண்ணில் ஓவியமும் படும்படி, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே காட்சிக்கூடம் இருந்தது.

கேள்வி: கும்பகோணத்தில் பி.எஃப்.ஏ. (நுண்கலை) படிக்கிறேன். அமெரிக்காவில் இந்தத் துறைக்குள் எப்படி நுழைவது?
– மாணவர்

பதில்: அங்கேயே படித்து இந்தத் துறைக்கு வருபவர்களில் பலர், பட்டப்படிப்பின்போதே விடுதியில் 'ஆர்.ஏ.' ஆகிவிடுவார்கள்: ஒரு தளத்து மாணவர்களுக்கு அண்ணனாகவோ அக்காவாகவோ இருக்கும் வேலை. ஆகஸ்டில் புது மாணவர் வருமுன் ஒவ்வொரு கதவிலும் பெயர் எழுதிய அட்டை ஒட்டுவார்கள். வீட்டை விட்டு வந்த பிள்ளைக்குத் தன் பெயரைக் கதவில் பார்ப்பது பெரிய தெம்பு. அங்கே போனபின் இப்படிப்பட்ட வேலை வந்தால் உங்கள் கைக்கு அது எளிது. ஆனால் ஒன்று: வரையத் தெரிந்தவரைப் போஸ்டர் வேலைக்கே ஒதுக்கிவிடப் பார்ப்பார்கள். விடாதீர்கள், விசாரணை அறையிலும் இடம் கேளுங்கள்.

இங்கே பட்டம் முடித்துப் போகும் உங்களுக்கு வழி, இந்தத் துறையிலேயே இரண்டு வருட முதுகலை. வாரம் 20 மணி நேரம் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தால், பல இடங்களில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருவார்கள். விண்ணப்பத்தில் ஓவியப் பரிசுகளைவிட, கண்காட்சி நடத்தியது, விடுதிக் கமிட்டியில் இருந்தது, ஜூனியர்களுக்குத் துணை நின்றது ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். படிப்புக்குப் பிறகு வேலை அனுமதி பொதுவாக ஒரு வருடம்தான். பொறியியல்காரர்களுக்குக் கிடைக்கும் நீட்டிப்பு இதற்குக் கிடையாது. கடன் வாங்குமுன் இதை யோசியுங்கள்.

கேள்வி: சம்பளம்?
– வாசகர், சேலம்

பதில்: தொடக்கத்தில் குறைவு. விடுதி இயக்குநருக்கு அதே கட்டடத்தில் வாடகையில்லா வீடு கிடைப்பதுண்டு. நள்ளிரவு ஃபோனும் உண்டு. சில வருடங்களில் களைத்து விலகுபவர் நிறைய.

கேள்வி: அப்புறம் வரையவே முடியாதா?
– அதே திருச்சித் தாய்

பதில்: முடியும் அம்மா. பல பல்கலைக்கழகங்களில் ஊழியர்கள் கட்டணமின்றியோ சலுகையிலோ வகுப்பில் சேரலாம். நேர்காணலிலேயே இதைக் கேட்கச் சொல்லுங்கள். எந்த மாலையில் இரவுப் பணி இல்லை என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும்.