கூட வந்தவர்

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கத்தில் புது லாரி எடுக்கப் போகிறவன் தனியாகப் போவதில்லை. பணம் போடுகிறவன், ஓட்டப் போகிற டிரைவர், இவர்களோடு வெள்ளை வேட்டியும் சட்டைப்பையில் மடித்த காகிதமுமாக மூன்றாவதாக ஓர் ஆள். ஷோரூம் பையன் பெயர் விவரங்களை எழுதிக்கொண்டே "சார் யாருங்க?" என்று கேட்டால், "நானுங்களா? சும்மா கூட வந்தனுங்க" என்பார். அந்தச் சும்மாவின் மதிப்பு எவ்வளவு என்று பையனுக்குச் சாயங்காலம் தெரியும். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், "சார், டீயா காபியா?" என்று கேட்பதற்கு முன்னால் உள்ளே ஓடி மேனேஜரிடம் சொல்லியிருப்பான்.

ஒரு காலத்தில் அவரும் லாரி வைத்திருந்தவர்தான். கேபின் இல்லாத வெறும் சேஸ், பலகை சீட்டில் டிரைவர், தலையில் துண்டு, கண்ணில் கண்ணாடி என்று தொழிற்சாலையிலிருந்து வெயிலும் மழையும் பட்டு வண்டி வந்து சேர்ந்த காலம் அது. அப்புறம் அந்த வண்டியை நேராகப் பாடி கட்டும் பட்டறையில் விடுவார்கள். வண்டிகளை அவர் எப்போதோ விற்றுவிட்டார். விலை பேசும் ஆசையை மட்டும் விற்க மனம் வரவில்லை. சொந்தமாக வாங்க ஒன்றும் இல்லாததால் ஊரார் வாங்குவதற்கெல்லாம் பேசுகிறார். கூலி கிடையாது. திரும்பி வரும்போது ஒரு பிரியாணி, அதுவும் கட்டாயப்படுத்தினால்.

பேச்சு ஷோரூமில் ஆரம்பிப்பதாகப் பையன் நினைப்பான். அவர் கணக்கில் அது பத்து நாளுக்கு முன்பே ஆரம்பமாகிவிட்டது. மாசக் கடைசிக்கு முன்னால் ஷோரூம் வாசற்படியை மிதிக்கக் கூடாது. டார்கெட் முடியாமல் மேனேஜருக்குத் தூக்கம் கெட்டிருக்க வேண்டும். மார்ச் கடைசி என்றால் இன்னும் நல்லது. வாங்கப் போகிறவனுக்குத் தனியாகப் பாடம் உண்டு: புதுச் சட்டை போடாதே, மோதிரத்தைக் கழற்றி வை, முக்கியமாக வண்டியைப் பார்த்துச் சிரிக்காதே. "நீ சிரிச்சீன்னா இருவதாயிரம் ஏறும் மாப்ள." மாப்பிள்ளையும் உம்மென்றுதான் உள்ளே போவான். ஆனால் வாசலிலேயே 12 வீல் வண்டி ஒன்று மாலை போட்டு நிற்கும். அவன் கை தானாகப் போய் பம்பரைத் தடவும். இவர் அந்தக் கையைத் தட்டிவிட்டு, வண்டியை ஏற இறங்கப் பார்த்து, "இதுக்கு யாரு மாலை போட்டது?" என்பார்.

டாடா ஷோரூமில் உட்கார்ந்தால் லேலண்ட் கொட்டேஷன் சட்டைப்பையிலிருந்து பாதி எட்டிப் பார்க்கும். லேலண்டில் உட்கார்ந்தால் பாரத்பென்ஸ் எட்டிப் பார்க்கும். அதைப் பற்றி அவராக ஒரு வார்த்தை பேச மாட்டார். பையனின் கண் அங்கே போய்த் திரும்பும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

பையன் பாவம், படித்ததையெல்லாம் ஒப்பிப்பான். "சார், ஏசி கேபின் வருது சார்."

"அது கவர்மெண்டு சொன்னது தம்பி. 2025 அக்டோபர் ஒண்ணாந்தேதிக்கு மேல செய்யற வண்டிக்கெல்லாம் ஏசி போட்டே ஆகோணும். நீங்க என்ன குடுக்கறீங்க?"

"ஜிஎஸ்டி கொறஞ்சிருக்கு சார்."

"அதுவும் கவர்மெண்டு."

இந்த ஜிஎஸ்டி விஷயத்தில் அவருக்கு ஆறாத வருத்தம் உண்டு. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சரக்கு வண்டிகளுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. ஒரே நாளில் லட்சக்கணக்கில் விலை விழுந்தது. லாரிக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்த நாள்கள் குறைவு. அது அவற்றில் ஒன்று. இவர் மட்டும் ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஒருத்தரும் கேட்காமல், எழுந்து போகிற மாதிரி பாவனைகூடக் காட்டாமல், அத்தனை ரூபாயைக் குறைத்துவிட்டார்கள். அவர் பார்வையில் அது விலைக்குறைப்பே அல்ல, அவமரியாதை.

பையன் சளைத்ததும், "மேனேஜரக் கேட்டுட்டு வர்றேன் சார்" என்று கண்ணாடி அறைக்குள் போவான். உள்ளே ரெண்டு பேரும் குனிந்து குசுகுசுப்பார்கள். மாப்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். "என்ன பேசறாங்க மாமா?" "மத்தியானம் சாப்பாட்டுக்கு எங்க போறதுன்னு பேசறாங்க." பையன் திரும்பி வந்து, வராத வியர்வையைத் துடைத்து, பத்தாயிரம் இறக்குவான். இவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த மௌனத்தில் ஐயாயிரம் இறங்கும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மாப்பிள்ளையே குறுக்கே விழுந்து "சரிங்க" என்று சொல்லிவிடுவான் என்பதால், வேட்டியை உதறி எழுந்துவிடுவார்.

எழுந்து போவது தனிக்கலை. முதல் தடவை நாற்காலிவரை. ரெண்டாம் தடவை கதவுவரை. கதவைத் தாண்டிவிட்டால் மானம் போய்விடும். யாரும் கூப்பிடாவிட்டால் திரும்பி வர முடியாதே. அதனால் கதவுக்குப் பக்கத்தில் அவருடைய செருப்பு எப்போதும் தகராறு செய்யும். குனிந்து வாரை மாட்டுவார், கழற்றுவார், மறுபடி மாட்டுவார். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் வந்து, "என்னங்க பெரியவரே, கோவிச்சுக்கிட்டா எப்பிடி?" என்று சொன்ன மறுநொடி வார் சரியாகிவிடும். புதன்சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசிய கை அது. இங்கே ஏசி அறையில் துண்டு மட்டும்தான் இல்லை.

இவரை வெறும் நாடகக்காரர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ரெண்டு இடத்தில் ஆள் நிஜமாகவே கெட்டி. ஒன்று, ஸ்டாக்யார்டில் வண்டிக்கடியில் குந்தி, சட்டத்தில் பொறித்த 17 இலக்க சேஸ் நம்பரைத் துணியால் துடைத்துப் படிப்பார். தயாரான மாசமும் வருஷமும் அதில் குறியீடாக இருக்கும். ஜனவரியில் வாங்கப் போனால், போன வருஷம் செய்து வெயிலில் நின்ற வண்டியைப் புதுசு என்று தலையில் கட்டிவிட முடியாது. நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவன் முதலில் பார்ப்பது அந்த வருஷத்தைத்தான். "பழசு குடுங்க, வேண்டாங்கல. பழைய வெல போடுங்க" என்பார். அன்றைக்கு மேனேஜர் நிஜமாகவே வியர்வையைத் துடைப்பார்.

இன்னொன்று வட்டி. விலை படிந்ததும் கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து ஃபைனான்ஸ்காரர் நாற்காலியை இழுத்துப் போடுவார். "ஆறே பர்சென்ட்டுதான் சார், ஃப்ளாட்." மாப்பிள்ளை முகம் மலரும். 30 லட்சம் கடன், நாலு வருஷம். வட்டி 7 லட்சத்து 20 ஆயிரம், மாச டியூ 77,500. பார்க்க ஆறுதான். "மாசாமாசம் அசலு கொறையுதுல்ல? வட்டி மட்டும் முழு 30 லட்சத்துக்கும் கடைசிவரைக்கும் எதுக்குங்க?" என்று இவர் மெதுவாகக் கேட்பார். குறைகிற அசலுக்கு மட்டும் போட்டுப் பார்த்தால் அந்த ஆறு ஏறக்குறைய பதினொன்று. இந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு ரெண்டு பிரியாணி வாங்கித் தரலாம். ஷோரூமில் பத்தாயிரத்துக்குச் செருப்பு மாட்டிக் கழற்றிய மாப்பிள்ளைகள் பலர், வட்டியில் லட்சக்கணக்கை விட்டுவிட்டு, "வெலைய நல்லா அடிச்சுட்டோம்" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பதை நான் கேட்டிருக்கிறேன். இன்சூரன்ஸிலும் இப்படித்தான்: மூன்றாம் நபர் பிரீமியம் அரசு அறிவித்த தொகை, அதில் பேசிப் பயனில்லை, வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில்தான் பேச இடம் உண்டு என்று தெரிந்து அங்கே மட்டும் வாயைத் திறப்பார்.

அத்தோடு கிளம்பியிருந்தால் அவரை மகான் என்று எழுதியிருப்பேன். எல்லாம் முடிந்து மாப்பிள்ளை கையெழுத்துப் போடப் பேனாவைத் திறக்கையில்தான், "சரீ, தார்ப்பாய் எத்தனை?" என்று ஆரம்பிப்பார். தார்ப்பாய்க்கும் ஷோரூமுக்கும் சம்பந்தமில்லை. பாடியே இன்னும் கட்டவில்லை. ஆனாலும் கேட்பார். கயிறு கேட்பார். ஆட்புளூ வாளி ரெண்டு கேட்பார், பி.எஸ். 6 வந்தபிறகு டீசலோடு அதையும் ஊற்றித்தானே வண்டி ஓட்ட வேண்டும் என்பது நியாயம். சீட் கவர், தீயணைப்பான், டிரைவருக்கு டிபன் கேரியர். இதற்கிடையில் முதலில் வேண்டாமென்ற காபியையும் வரவழைத்துக் குடித்துவிடுவார். லட்சங்களைப் பேசி முடித்த நேரத்தைவிட அந்த ஆட்புளூ வாளிக்கு ஆன நேரம் அதிகம். கேட்டால், "சேஸ் கம்பெனி வெல, எல்லாத்துக்கும் ஒண்ணுதான். வாளி எம் பேச்சுக்கு வந்தது" என்பார்.

இந்தத் தொழிலில் பல வருஷம் இருந்து ஓய்வுபெற்ற ஒரு சேல்ஸ் மேனேஜர் எனக்குச் சொன்னார்: கூட வந்தவர் வண்டி நிறுத்துவது ஜன்னலில் தெரிந்ததுமே கொட்டேஷனில் முப்பதாயிரம் ஏற்றி அடித்துவிடுவார்களாம். அந்த முப்பதை மூணு தவணையாக, கண்ணாடி அறைக்குப் போய்ப் போய் வந்து, உயிரே போகிற மாதிரி இறக்குவார்களாம். "குடுக்காம விட்டா அவரு போயிருவாருங்க. சும்மா குடுத்தாலும் போயிருவாரு. புடுங்கிட்டுப் போனாத்தான் மறுபடி ஆளக் கூட்டிட்டு வருவாரு." அப்படியானால் நியாயமான விலைதான் எது என்று கேட்டேன். ரெண்டு தரப்பும் தங்கள் வீட்டில் போய் எந்த விலையைச் சொல்லிப் பெருமைப்படுகிறதோ அதுதான் என்றார். ரெண்டு வீட்டிலும் சொல்கிற தொகை ஒன்றாக இருக்காதாம்.

இதை நான் அவரிடமே ஒரு நாள் சொன்னேன். சட்டைப்பையைத் தடவியபடி யோசித்தார். "முப்பதா ஏத்தறாங்க?" என்றார். "அப்ப இனிமே அம்பதுல இருந்து ஆரம்பிக்கோணும்."

டெலிவரி நாளைக்கும் கூட வருவார். டயருக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடிக்குத் திருஷ்டிக் கயிறு, சூடம், தேங்காய் எல்லாம் முடிந்ததும் ஷோரூம்காரர்கள் அட்டையில் செய்த ஆள் உயரச் சாவியை எடுத்து வருவார்கள். மாப்பிள்ளை ஒரு முனை, மேனேஜர் ஒரு முனை பிடித்து போட்டோ. எடுத்து முடித்ததும் பையன் வழக்கம்போல அட்டைச் சாவியை வாங்க வருவான். அடுத்த வண்டிக்கு வேண்டுமே. கூட வந்தவர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு கேபினில் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

"போட்டோவுல எங்க கையில குடுத்துட்டீங்க. குடுத்தது குடுத்ததுதானுங்க."

மேனேஜர் கண்ணாடி அறைக்குள் போய் யாரையோ கேட்டுவிட்டு வருவார்.