கொஞ்சம் சாதாரணமா நடங்க!

சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தின் முதல் டெர்மினலில் பி, சி என்று இரண்டு கட்டடங்கள் எட்ட எட்ட நிற்கின்றன. நடுவில் விமானங்கள் ஊர்ந்துபோகும் வெட்டவெளி. அதற்கு அடியில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர்களுக்காக ஒரு சுரங்கப்பாதை. கட்டடக் கலைஞர் ஹெல்முட் யான் வடிவமைத்த அந்த டெர்மினல் 1987இல் திறக்கப்பட்டபோது, சுரங்கத்தின் கூரையை மைக்கேல் ஹேடன் என்ற கலைஞரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவர் அங்கே நூற்றுக்கணக்கான நியான் குழாய்களை வளைத்து நெளித்துத் தொங்கவிட்டார். மேலே கண்ணாடி பதித்திருப்பதால் ஒவ்வொரு குழாயும் இரண்டாகத் தெரியும். சிவப்பு ஓடி மறைய நீலம் வரும், அதன் பின்னால் பச்சை வரும். இரு பக்கச் சுவர்களும் அலை அலையாக நிறம் மாறி ஒளிரும். கெர்ஷ்வின் 1924இல் எழுதிய 'ராப்சடி இன் ப்ளூ' இசையின் சாயல், தூக்கத்தில் முனகுவதுபோல் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அதற்குள் இறங்குகிற ஆயிரம் பேருக்கு அது ஒரு வழி. ஒருவருக்கு மட்டும் அதுவே போய்ச் சேர வேண்டிய ஊர்.

அவருக்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை. நாளுக்கு நாள் ஆள் மாறுவார். கழுத்தில் தொங்கும் கேமரா மாறாது. ஒரு நாள் ஜெர்மானியர், ஒரு நாள் கொரியர். நமக்கு நன்றாகத் தெரிந்தவர், வாராவாரம் வேலை நிமித்தம் சிகாகோவில் விமானம் மாறும் நம் ஊர் மென்பொருள்காரர்தான். நேரடி விமானம் இருந்தாலும் இவர் எடுக்க மாட்டார். ஓஹேரில் மூன்று மணி நேரம் காத்திருக்க வைக்கும் டிக்கெட்டைத் தேடிப் பிடிப்பார். அலுவலகத்தில் கேட்டால், "அதுதான் விலை குறைவு" என்பார்.

சுரங்கத்துக்குள் நுழைகிற எல்லோரும் போனைத் தூக்கி மேலே பார்த்து ஒன்று எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறார்கள். அவர்களைப் பார்த்தால் நம்மவருக்கு இளப்பம். "வெளிச்சத்தை யார் வேணா எடுக்கலாம் சார். அதுக்குள்ள மனுஷன் வேணும்!" என்பார்.

மனிதன் வேண்டும்தான். ஆனால் எல்லா மனிதரும் உதவ மாட்டார்கள். அவர் மனத்தில் இருக்கும் பயணி உயரமானவர், தனியாக வருகிறவர். நீளக் கோட்டு, முடிந்தால் தொப்பி. பெட்டி ஒன்றே ஒன்று, அதுவும் சிவப்பாக இருந்தால் விசேஷம். முகத்தில் ஏதோ ஒரு துயரம் இருக்க வேண்டும். முகமோ தெரியவே கூடாது. அப்படியொருவர் வருவார் என்று நம்மவர் சுவரோரம் ஒரு காலை மடக்கிக் குந்தியிருப்பார். வருகிறவர்களோ அரைக்கால் சட்டையும் கழுத்தைச் சுற்றிய தலையணையுமாக, சீஸும் கேரமலும் கலந்த சிகாகோ பாப்கார்னைக் கை நிறைய அள்ளித் தின்றுகொண்டு வருவார்கள். தள்ளுவண்டி காலியாக இருக்கும், கைக்குழந்தை அப்பாவின் தோளில் அழும். அரைமணிக்கு ஒருமுறை விமானி, பணிப்பெண்கள் என்று ஒரு சீருடைக் கூட்டம் வரிசையாகப் பெட்டிகளை உருட்டி வருவது மட்டும்தான் ஆறுதல். அந்த நேரம் பார்த்து அவர் மெமரி கார்டு மாற்றிக்கொண்டிருப்பார்.

இவருடைய பரம விரோதி பாதுகாப்புக் காவலர் என்று நினைத்தால் தவறு. அவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். விரோதி, அமெரிக்கர்களின் மரியாதை. கேமராவும் கையுமாக ஒருவர் குந்தியிருப்பதைப் பார்த்ததும் அவர்கள் சட்டென்று நின்றுவிடுவார்கள். "ஸாரி! நீங்க எடுங்க, நாங்க நிக்கிறோம்" என்று புன்னகை செய்வார்கள். பின்னால் வருகிறவர்களையும் கை நீட்டி நிறுத்துவார்கள். சிலர் தலையைக் குனிந்து, முதுகை வளைத்து, கேமராவின் கண்ணில் படாமல் ஓடிக் கடப்பார்கள். நொடியில் சுரங்கம் ஆள் அரவமின்றிச் சுத்தமாகிவிடும். நம்மவர் என்ன செய்வார்? ஒருவருமில்லாத பாதையை, வேண்டாத ஒரு படத்தை, எடுத்துத் தொலைத்துவிட்டு "தேங்க்யூ" சொல்வார். "ஐயா, உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்" என்று எந்த மொழியில் சொல்வது?

ஆகவே சில தந்திரங்கள் பழகி வைத்திருக்கிறார். கூரையைப் பார்ப்பதுபோல் பார்த்து, இடுப்புக்குப் பக்கத்தில் கேமராவைப் பிடித்து அமுக்குவது ஒன்று. ஷூ லேஸ் கட்டுவது ஒன்று. இவற்றில் எடுத்த படங்களில் பாதி, யாரோ ஒருவரின் முழங்கால். மீதிப் பாதியில் கூரைக் கண்ணாடியில் இவரே விழுந்திருப்பார்: சிவப்பும் நீலமுமான ஒளிக்கு நடுவில், எதையோ தொலைத்தவர்போல் குனிந்து நிற்கும் ஒரு மத்திய வயதுக்காரர்.

ஆனால் தொழில்நுட்பத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஷட்டரைக் கால் நொடி திறந்து வைத்தால் நடக்கிறவர் புகையாகிவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். நகரும் நடைபாதையில் நீங்களும் ஏறி, உங்களுக்கு முன்னால் அசையாமல் நிற்கும் ஆளை அதே கால் நொடியில் எடுத்தால், இரண்டு பேரும் ஒரே வேகத்தில் போவதால் ஆள் அப்படியே இருப்பார். சுற்றியுள்ள விளக்குகள் மட்டும் கோடு கோடாக இழுபடும். அருமையான வித்தை. செய்வதற்கு இரண்டு இடைஞ்சல். அந்த ஊர் நடைபாதையில் நிற்கிறவர் வலது பக்கம், நடக்கிறவர் இடது பக்கம். நம்மவருக்குக் கோணம் கிடைப்பது நடுவில். "எக்ஸ்கியூஸ் மீ" என்று ஐந்தாறு பேர் தோளில் இடித்துவிட்டுப் போவார்கள். இரண்டாவது, பாதை முடியப் போகிறது, கீழே பாருங்கள் என்று ஒரு பெண் குரல் ஓயாமல் எச்சரித்துக்கொண்டிருக்கும். கேமராவில் கண்ணை வைத்தவர் கீழே எங்கே பார்ப்பது? முனை வந்ததும் கால் தட்டி, இரண்டு தப்படி தள்ளாடி, பிடிமானம் தேடும் விரல் பொத்தானை அமுக்கிவிடும். அப்படி விழுந்த ஒரு படம்தான் அவருடைய சேகரத்திலேயே பெரிய பாராட்டு வாங்கியது. தலைப்பு 'பயணம்'.

நல்ல பயணி அமையாத நாளில் மனைவிதான் பயணி. அவர் சி கட்டடத்து நாற்காலியில் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து பைகளோடு அழைத்து வரப்படுவார்.

"நீ அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு, சாதாரணமா நடந்து வா."

"வந்தாச்சு. போதுமா?"

"நீ கேமராவைப் பார்த்துட்டே. தெரியாத ஊருக்கு வந்த மாதிரி நட."

"தெரியாத ஊருன்னா நான் போர்டைப் பார்த்துத்தான் நடப்பேன். அதுலதான் நம்ம ஃப்ளைட்டுக்குப் போர்டிங்னு போட்டிருக்கு."

"இன்னும் ஒரே ஒரு தடவை. அந்தச் சிவப்பு விளக்கு வர்றப்போ..."

சிவப்பு விளக்கு வருவதற்குள், சுத்தமான நியான் வாயு தருவது செம்மஞ்சள் மட்டும்தான், நீலத்துக்கு ஆர்கானும் பாதரச ஆவியும் வேண்டும் என்று ஒரு குட்டிப் பிரசங்கமும் நடக்கும். அந்த அம்மாள் அதை இதற்கு முன்பே கேட்டவர். 'அந்நியர்கள்' என்ற தலைப்பில் நம்மவர் வெளியிட்டிருக்கும் படவரிசையில் தூரத்து நிழலாக, முதுகு காட்டி, குடையோடு, குடையின்றி வருகிற அத்தனை அந்நியரும் ஒரே அம்மாள்தான். அது தெரிந்தவர்கள் அவரைத் தவிர அந்த அம்மாளும் பிள்ளைகளும் மட்டும்.

அவருக்கு வருகிற உண்மையான சோதனை, மகன் வீட்டுக்கு வந்திருக்கும் நம் ஊர்ப் பெற்றோர் வடிவில் வரும். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்குக் கீழே வெள்ளை ஷூ. அப்பா தலையில் குல்லாய். தமிழ் முகத்தையும் பெரிய கேமராவையும் ஒருசேரக் கண்டதும் அம்மா நேராக வருவார்.

"தம்பி, எங்களை ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" தன்னுடைய போனை நீட்டுவார்.

கேமராவை முதுகுக்குத் தள்ளிவிட்டு நம்மவர் போனை வாங்குவார். அப்போதும் கலை விடாது. இருவரையும் ஒளிக்கு முன்னால் நிறுத்தி, உருவம் கறுத்து விளிம்பு மட்டும் ஒளிரும்படி, எந்தப் பத்திரிகையும் அட்டையில் போடக்கூடிய ஒரு படத்தை எடுத்துக் கொடுப்பார். அம்மா பார்ப்பார்.

"லைட்டு நல்லா விழுந்திருக்கு தம்பி. ஆளு யாருன்னே தெரியலையே?"

"அது சில்ஹவுட்ம்மா. அப்படித்தான்..."

"சம்பந்தி வீட்டுக்கு அனுப்பணும் தம்பி. யாரோ ரெண்டு பேர் இருட்டுல நிக்கிற மாதிரி இருந்தா என்ன நினைப்பாங்க? மூஞ்சி தெரியற மாதிரி எடுங்க. ஃப்ளாஷ் போடுங்க."

ஃப்ளாஷ்! நியான் கூரைக்குக் கீழே! அவர் வாழ்க்கையில் ஃப்ளாஷ் போட்டவரில்லை. போடுவார். இரண்டு வெளுத்த முகங்களும், சிவந்த நான்கு கண்களும், பின்னால் ஏதோ கல்யாண மண்டபத்துச் சீரியல் செட்டுமாக ஒரு படம் வரும். "இப்பதான் நல்லா இருக்கு" என்று அம்மா மகிழ்ந்து, அப்பாவிடம் காட்டி, அவரும் தலையாட்டி, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று விசாரணை தொடங்கும்போது பின்னால் இன்னொரு குடும்பம் போனை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும்.

எனக்கென்னவோ போனை நீட்டிய அம்மா கேட்டதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. பயணிகளை எடுக்கிறேன் என்று புறப்பட்டவர், ஒரு பயணியின் முகத்தையும் பதிவு செய்யாமல் திரும்புகிறாரே?

வேறொரு படக்காரர் எதிரே வந்துவிட்டால் அதுவும் வேடிக்கை. இருவரும் மற்றவரைத் தன் படத்தை விட்டு நகரச் சொல்ல முடியாமல் தவிப்பார்கள். கடைசியில் "முப்பத்தஞ்சா?", "இருபத்தெட்டு" என்று லென்ஸ் குலம் கோத்திரம் விசாரித்துக்கொண்டு பிரிவார்கள். டெட்ராய்ட் விமான நிலையத்திலும் இதேபோல் நிறம் மாறும் சுரங்கம் 2002 முதல் இருக்கிறது. அங்கே போய்வந்தவர் என்றால் சற்று மதிப்புக் கூடும். ஒளி துடிப்பதால் வலிப்பு வரக்கூடியவர்களுக்காக அங்கே விளக்காட்டத்தை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் உண்டு. மிகவும் தேவையான ஏற்பாடு. நம்மவர் அதை மறுக்க மாட்டார். ஆனால் நினைத்தபோதெல்லாம் அவருக்கு லேசாக வியர்க்கும்.

இவ்வளவும் பட்டு, வீட்டுக்கு வந்து, ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்து கணினியில் படங்களைத் திருத்துவார். உலகத்து நிறங்களில் பாதி குடியிருக்கும் அந்தச் சுரங்கத்தை என்ன செய்வார் என்கிறீர்கள்? கறுப்பு வெள்ளையாக்குவார். "நிறம் கவனத்தைக் கலைக்குது" என்பது விளக்கம்.

நீங்கள் ஓஹேர் வழியாகப் போகிறவரானால் ஒரு வேண்டுகோள். சுவரோரம் அவர் குந்தியிருப்பதைப் பார்த்தால் தயவுசெய்து நிற்காதீர்கள், குனியாதீர்கள், வழிவிடாதீர்கள். நடுப்பாதையில், கேமராவைப் பார்க்காமல், தெரியாத ஊருக்கு வந்தவர்போல் நடந்து போங்கள். பாப்கார்னை மட்டும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தொப்பி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அவர் மனைவிக்கு ஒரு நடை மிச்சமாகும்.