கறிவேப்பிலைக்கும் காசு

2019-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நமக்கொரு சுதந்திரம் வாங்கித் தந்தது: வேண்டிய டிவி சேனலுக்கு மட்டும் காசு கொடுக்கலாம். அப்போது 100 இலவச சேனல்களுக்கு 130 ரூபாயும் வரியும். கட்டண சேனல்களுக்குத் தனித்தனி விலை. 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலை, பல சேனல்களைக் கட்டி விற்கும் கொத்தில் சேர்க்கக் கூடாது என்றொரு விதியும் உண்டு. உடனே பெரிய சேனல்கள் பலவும் மிகச் சரியாக 19 ரூபாய் பெறுமானமுள்ளவை ஆகிவிட்டன. என்ன ஒரு ஒற்றுமை!

பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். கூட்டிப் பார்த்தால் கொத்தே மலிவு.

சூதெல்லாம் இல்லை, வெறும் கணக்கு. எனக்கு சீரியல் 30 ரூபாய் பெறும், கிரிக்கெட் 10. எதிர்வீட்டுக்காரருக்கு நேர்மாறு. தனித்தனியே 30 என்று விற்றால் இருவரிடமும் சேர்த்து 60 தேறும். கட்டி 40-க்குக் கொடுத்தால் 80. அவருக்கு சீரியல், எனக்கு கிரிக்கெட், கம்பெனிக்கு 20. யாருக்கும் நஷ்டமில்லை.

அதே கொத்தில் யாரும் கேட்காத மூன்று சேனல்களும் வருகின்றன. காய்கறிக்காரர் கறிவேப்பிலையைக் கொசுறாக நீட்டுவார், விலைப்பட்டியலில் எழுதமாட்டார். அம்மா மட்டும், "காசு கொடுத்தாச்சில்ல" என்று, அவற்றையும் தினம் அரைமணி நேரம் ஓடவிடுகிறாள்.