பிந்துவதென்றால் முழுதாய்ப் பிந்துங்கள்!

கேள்வி: செப்டெம்பரில் புல் விதைக்க நேரம் கிடைக்கவில்லை. இப்போது, ஒக்டோபர் நடுவில், தூவலாமா? (மிசிசாகா)

பதில்: வேண்டாம், இன்னும் பிந்துங்கள்! தென் ஒன்ராறியோவில் புல் விதைக்கச் சிறந்த காலம் ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் நடு வரை. அதைத் தவறவிட்டவருக்கு அடுத்த நல்ல வேளை நவம்பர் பிற்பகுதி. இடையில் தூவினால் மண்ணில் மிச்சமிருக்கும் சூட்டை நம்பி முளை எட்டிப் பார்க்கும்; வேர் ஊன்றுமுன் உறைபனி வந்து முடித்துவிடும். மண் 5 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கியபின் தூவுங்கள், விதை உறங்கும். மண் உறைந்து, உருகி, மறுபடி உறைந்து வெடிக்கும். அந்த வெடிப்புகளே விதையை உள்ளே இழுத்துக்கொள்ளும். கூலி கேட்காத உழவன் இந்தக் குளிர்! வசந்தத்தில் மண் 10 பாகையைத் தொட்டதும் முளைக்கத் தொடங்கும். தூவுமுன் இலைகளை வாரி, மண்ணைக் கீறிவிடுங்கள். நாட்காட்டியை நம்பாமல் மண் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். இதை எத்தனை தடவையும் சொல்வேன்.

கேள்வி: எந்த விதை? (ஏஜாக்ஸ்)

பதில்: வெயிலுக்குக் கென்ரக்கி புளூகிராஸ், நிழலுக்கு ஃபைன் ஃபெஸ்கியூ. ரைகிராஸ் வேண்டாம். ஒரு வாரத்தில் முளைக்கும் அவசரக்காரர் அவர். டிசம்பரில் நாலு நாள் இதம் கண்டாலே எழும்பி, அடுத்த குளிரில் போய்ச் சேருவார். புளூகிராஸுக்கு 2 முதல் 4 வாரம் வேண்டும். அந்தச் சோம்பல்தான் அதன் உயிர்க்காவல்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் புல் மட்டும் பச்சையாக இருக்கிறதே? (பிரம்ரன்)

பதில்: வேலிக்கு இந்தப் பக்கம் பாருங்கள்.

கேள்வி: பனியின்மேல் தூவலாமா? (பிக்கறிங்)

பதில்: சமதரையில் மெல்லிய பனியென்றால் தூவலாம். சரிவில் தூவினால் விதை உருகும் தண்ணீரோடு தெருக்கானுக்குப் போய்விடும்.

கேள்வி: பிள்ளையாருக்காக முற்றம் முழுக்க அருகம்புல் வளர்க்க ஆசை. (ஸ்காபரோ)

பதில்: ஊரில் தோட்டத்து அருகைக் களைய மண்வெட்டியோடு மல்லுக்கட்டிய சனம் நாங்கள், இங்கே அதை வளர்க்க மல்லுக்கட்டுவதா! கோல்ஃப் மைதானங்களில் பெர்முடா கிராஸ் என்ற பெயரில் பவனி வருவதும் நம்முடைய அருகுதான். ஆனால் அது சூட்டுப் புல், ரொறன்ரோ வின்ரர் அதற்கு ஆகாது. சாடியில் வளர்த்து, உறைபனிக்கு முன் யன்னலோரம் எடுத்து வையுங்கள். 21 அருகுக்கு மகிழ்பவர் பிள்ளையார். அவர் ஏக்கர் கேட்பதில்லை.

கேள்வி: விதைத்த இடத்தில் வசந்தத்தில் களை தடுக்கச் சோள குளூட்டன் போடலாமா? (ஒஷாவா)

பதில்: கூடாது. புல்தரைக் களைகொல்லிகளுக்கு ஒன்ராறியோவில் 2009இல் தடை வந்தபின் பலர் நாடுவது அதைத்தான். ஆனால் களை விதை, புல் விதை என்ற பேதம் அதற்குக் கிடையாது.

கேள்வி: புதுவீடு, வெறும் மண் முற்றம், இரண்டு சிறு பிள்ளைகள். நவம்பரில் விதைத்தால் ஏப்ரலில் ஓடி விளையாடலாமா? (மார்க்கம்)

பதில்: முடியாது, அம்மா. மூன்று நான்கு தடவை வெட்டும்வரை இளம்புல் மிதி தாங்காது. அதற்குள் கோடை வந்துவிடும். ஆகவே முற்றத்தில் பாதியை நவம்பர் பிற்பகுதியில் விதையுங்கள், மறுபாதியைப் பிள்ளைகளுக்கு விடுங்கள். அதை ஓகஸ்ட் கடைசியில் விதைக்கலாம். உடுப்பில் சேறு படும், கழுவினால் போகும். அவர்கள் ஓடத்தானே புல் வளர்க்கிறீர்கள்? புல்லுக்காக அவர்களை வீட்டுக்குள் அடைக்காதீர்கள்.