செக்போஸ்டும் ஹெடர் கோப்பும்: ஓர் ஒப்பாய்வு

கொடைக்கானலில் விடுதி நடத்துவோரை வாட்டும் தத்துவ வினா ஒன்று உண்டு: நம் இணையதளத்தை யாராவது பார்க்கிறார்களா? விடை காணும் முறையில் அறிஞர்கள் இரு மரபினர். எதற்கும் ஒரு பிளகின் போடுக என்பது பிளகின் மரபு. கூகுள் அனலிட்டிக்ஸ் தரும் சில வரிகளை நாமே ஒட்டிக்கொண்டால் போதும் என்பது ஒட்டு மரபு. இவ்வாய்வு ஒட்டு மரபின் பக்கம் சாய்ந்தே தொடங்குகிறது. நடுநிலை என்ற பாசாங்கு எமக்கில்லை.

எங்கே ஒட்டுவது? சான்று மலைச்சாலையிலேயே கிடக்கிறது. வத்தலக்குண்டு வழியாக வருவோரும் பழனி வழியாக வருவோரும் பெருமாள்மலையில் ஒன்றுசேர்ந்து, வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைய முடியும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது, ஏரிக்கரைக்கு ஒருவர், தூண் பாறைக்கு ஒருவர் என்று ஆள் போடவில்லை. மலை ஏறும் வழியில் செக்போஸ்டிலேயே கேட்டார்கள். 2025 சீசனில் வார நாளுக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வந்தது. விடுதித் தளங்கள் கனவிலும் காணாத எண்கள் இவை.

வேர்ட்பிரஸின் கிளாசிக் தீம்களில் பெருமாள்மலைக்கு நிகர் ஹெடர் கோப்பு. வாடகைப் பக்கமானாலும் படத்தொகுப்பானாலும் அதன் வழியாகவே வரும். அதில் ஹெட் பகுதி தொடங்கியதுமே ‘ஜி-’ எண் கொண்ட கோடு வரிகளை ஒட்டுக. ‘யுஏ-’ என்று தொடங்கும் பழைய கோடு 2023 ஜூலை 1-இல் ஓய்வு பெற்றது. அது இன்னும் பல தளங்களில் சம்பளமில்லாமல் நின்றுகொண்டிருக்கிறது.

தீம் அப்டேட் ஆனால் கோடு அழிந்துபோகுமே எனின், போகும். ஆகவே சைல்டு தீம் ஒன்று அமைத்து, அதன் ஃபங்ஷன்ஸ் கோப்பிலிருந்து ‘டபிள்யூபி ஹெட்’ என்ற கொக்கி வழியாக மாட்டுக என்க.

கணக்கில் விழாதோரும் உளர். அரசுப் பேருந்தில் வருவோருக்கு இ-பாஸ் வேண்டாம். விளம்பரத் தடுப்பான் போட்டுக்கொண்டு வருவோர் பலரை அனலிட்டிக்ஸும் அறியாது. கணக்கில் விழவே கூடாதவர் ஒருவர் உளர். ஜூலைச் சாரலில், காலியான விடுதியின் வரவேற்பு மேசையில், ரியல்டைம் அறிக்கை ‘1’ என்று காட்டுகிறது. உரிமையாளர் நிமிர்ந்து உட்கார்கிறார், பையனிடம் டீ போடச் சொல்கிறார். அந்த ஒருவர், செல்போனில் தம் தளத்தையே திறந்து வைத்திருக்கும் அவர்தான். இந்நோய்க்கும் மருந்து உண்டு: அனலிட்டிக்ஸ் அமைப்பில் விடுதியின் ஐபி முகவரியை உள் போக்குவரத்து என்று குறித்து, அதற்கான வடிகட்டியை இயக்கிவிடலாம். செல்போன் வைஃபையில் இருக்கும்வரை பலிக்கும்.

இரு மரபையும் ஒருசேரப் போற்றுவோர்க்கு ஒரு சொல்: பிளகினும் போட்டு, கோடு வரிகளையும் ஒட்டியிருந்தால் ஒரே பக்கப் பார்வை இரண்டாகப் பதிவாகும். சென்ற மாதம் கூட்டம் இரட்டித்ததாக மகிழ்ந்திருந்தால், இன்றே பிளகினைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.