யானை தேய்ந்து ஆப்பானமை: ஓர் ஆய்வு

கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்று பழமொழி சொல்கிறதே தவிர, எத்தனை நாளில் தேய்ந்தது, இடையில் என்னென்னவாக இருந்தது என்ற விவரம் தருவதில்லை. அக்குறையைப் போக்க, பொழுதுபோக்காக மரம் செதுக்குபவன் கையில் ஒரு யானை அடையும் நிலைகளை இங்கே ஆராய்கிறோம். ஆய்வுக்களம், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணை. ஆய்வாளனும் குற்றவாளியும் ஒருவனே என்பதால் சாட்சிக்குப் பஞ்சமில்லை.

முதலில் முன்னோடிகள். தாமிரபரணியோடு கடனா நதி சேரும் திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஏறினால் நிலைக்கு நிலை மரத்தூண்களிலும் உத்தரங்களிலும் சிற்பம், சுவரெல்லாம் ஓவியம். எந்த உருவத்தைப் பார்த்தும் "இது என்னது?" என்று கேட்க வேண்டியதில்லை. நெல்லையப்பர் கோயில் தாமிர சபையின் மரவேலையும் அப்படியே. அம்பாசமுத்திரத்துக்காரர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். சொப்புச் சாமானுக்கு மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு உளியைக் காட்டுகிறார்கள். சுழலும்போதே அரக்கை அழுத்தினால் உராயும் சூட்டில் இளகி நிறமாக ஏறிக்கொள்கிறது. குடம், பானை, உரல் என எல்லாம் உருண்டை. தும்பிக்கை உள்ள எதையும் அவர்கள் சுழலவிடுவதில்லை. பிழைத்தார்கள்.

இனி நோயின் கூறு. களிமண்ணில் குறைந்தால் அப்பிக்கொள்ளலாம். பிள்ளையார் குரங்கானாலும் எடை குறையாது. மரத்தில் எடுக்கத்தான் முடியும். ஃபெவிகால் போட்டு ஒட்டுவது இத்துறையில் பெருங்குற்றம். நான் இருமுறை செய்தேன்.

கட்டை, ஒரு முழ வேம்பு. முதல் வாரம் யானையின் இடது காது பெயர்ந்தது. சமன் செய்ய வலது காதையும் எடுத்தேன். வீட்டுக்கு வந்த மருமகன், "மாமா, பன்னி அருமையா வந்திருக்கு" என்றார். பெரிய மனசு. அவர் வாக்கு பொய்க்கக் கூடாதென்று தும்பிக்கையைக் குறைத்தேன், கீறல் விட்டது. மூன்றாம் வாரம் பன்றி ஆமையானது. ஆமைக்கு ஒரு கால் நெட்டை. அதைக் குறைத்தால் அடுத்த கால் நெட்டை. நாலும் தீர்ந்தபின், காலில்லாத உயிரான மீனுக்கு வந்து சேர்ந்தேன். வால் ஒரே அடியில் போயிற்று.

எதிர்வீட்டுக்கு நிலை வைக்க வந்த ஆசாரியிடம் காட்டினேன். கட்டையைத் திருப்பி நகத்தால் ஒரு தடவு தடவினார். "அண்ணாச்சி, மரம் இப்படில்லா ஓடுது. நீங்க எதுத்தாப்ல உளி வச்சிருக்கிய. கொட்டாப்புளியால தட்டணும், இப்படிப் போட்டு அடிக்கலாமா?" இரண்டு மாத ஆய்வின் முடிவை அவர் நகம் கண்டுவிட்டது. முறையான கருதுகோள் ஏதுமின்றிச் சொன்னதால் அதை இங்கே ஏற்க இயலவில்லை.

மீன் இப்போது கொல்லைக் கதவுக்கு ஆப்பு. இந்த ஆனி மாதச் சாரல் காற்றுக்குக் கதவு ஒருமுறைகூட அடித்துக்கொள்ளவில்லை. "காத்து வருது, அந்த யானைய எடுத்துக் கதவுக்கு வைங்க" என்றுதான் வீட்டில் இன்னும் சொல்கிறாள்.