கடிதத்தில் வரும் கணக்கு

கேள்வி: சர்க்கார் உத்தியோக நிமித்தம் ஜில்லா ஜில்லாவாகச் சுற்றும் என் கணவர் எழுதும் கடிதங்களில் பால் பாக்கி, சீட்டுப் பணம், வீட்டு வரி தவிரப் பிரியமாக ஒரு வார்த்தை இல்லையே? – ஒரு வாசகி, அயனம்பாக்கம்

பதில்: பகலெல்லாம் முகாமில் சர்க்கார் கணக்கை எழுதிச் சலித்த கை, இரவில் ஓய்வு கொள்ளாமல் உங்கள் வீட்டுப் பால் பாக்கியையும் மறவாமல் எழுதுகிறதென்றால், அதைவிடப் பிரியமான வாசகம் வேறு எது, அம்மா? 1880-இல் இந்தியத் தபாலில் ஏற்பட்ட மணியார்டரின் அடித்துண்டில், தொகையோடு இரண்டு வரி க்ஷேமமும் எழுதிக் குடும்பம் நடத்திய கணவன்மார் எத்தனையோ பேர்.

கடிதத்தில் ஆயுள் இன்ஷூரன்ஸ் பேச்சே இல்லையென்றால் மட்டும் அவசியம் கேட்டு எழுதுங்கள்: 1874-ஆம் வருஷத்து விவாகமான ஸ்திரீகள் சொத்துச் சட்டப்படி, மனைவியின் நன்மைக்கென்று குறிப்பிட்டு நேர்மையாக எடுத்த பாலிசியில் கணவனின் கடன்காரர்கள் கை வைக்க முடியாது.